டைரி எழுதினால் கோபம் கூடுகிறதே!

கேள்வி: எனக்கு வயது 41. அப்பா காலமாகி ஏழு மாதம் ஆகிறது. கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். காரியம் முடிந்த மறுநாளே, அப்பா சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார் அண்ணன். நான் போடவில்லை. அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. மனசு ஆறும் என்று தோழி டைரி எழுதச் சொன்னாள். தினமும் ராத்திரி எழுதுகிறேன்; எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. பழைய பக்கங்களைப் புரட்டினால் கோபம் இன்னும் ஏறுகிறது. வீட்டுக்காரர் கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். நிறுத்திவிடட்டுமா? இரண்டு பக்கம் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: நிறுத்த வேண்டாம்மா, எழுதுகிற விதத்தை மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். எந்தத் தேதியில் அண்ணன் என்ன சொன்னார், அண்ணி எப்படி முகத்தைத் திருப்பினார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எல்லாம் பிசகாமல் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் தோற்றது! ஆனால் இரண்டு பக்கத்திலும் அப்பா ஒரே ஒரு முறைதான் வருகிறார், அதுவும் 'அப்பா பேரில் இருக்கிற காடு' என்று நிலத்தைச் சொல்லும் இடத்தில். இரண்டு வருடம் கஞ்சி ஊட்டிய மகளின் துக்கம் அதில் எங்குமே இல்லை.

1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், சான்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார். தினம் 15 நிமிடம், நான்கே நாள் எழுத வேண்டும். தங்களுக்கு நேர்ந்த கொடிய அனுபவத்தில் நடந்ததை மட்டும் எழுதியவர்கள் ஒரு குழு, உணர்ச்சியை மட்டும் எழுதியவர்கள் ஒரு குழு, இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் ஒரு குழு. அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் போவது குறைந்தது இந்த மூன்றாவது குழுவுக்குத்தான். எழுதிய கையோடு அவர்களுக்கும் மனசு கனத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததில், பலன் உண்டு, ஆனால் சிறிய அளவில்தான் என்று தெரிந்தது. அதனால் டைரி எழுதினால் எல்லாம் தீரும் என்று தோழி சொல்லியிருந்தால் அது கொஞ்சம் அதிகம்.

நீங்கள் எழுதுவது நடந்ததை மட்டும். அதையே தினமும் படிக்கவும் செய்கிறீர்கள். கோபம் எப்படி ஆறும்?

படுக்கப்போகும் நேரத்தில் எழுதாதீர்கள். மத்தியானம் வேலை ஓய்ந்ததும் போனில் 15 நிமிடம் அலாரம் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அண்ணன் கையெழுத்துக் கேட்டபோது உங்களுக்குள் என்ன ஆனது, அப்பா இல்லாத வீட்டில் எந்த வேளை தாங்க முடியவில்லை என்று எழுதுங்கள். பிழை பார்க்க வேண்டாம். நான்கு நாளோடு விட்டுவிடுங்கள். தேதி போட்ட டைரியும் வேண்டாம்; காலிப் பக்கம் வட்டிக்காரன் மாதிரி தினமும் கேட்கும். உதிரித் தாளில் எழுதிக் கிழித்துப் போடுங்கள், ஒளித்து வைக்கும் கவலையும் விட்டது. எழுதும்போதே தாங்க முடியாமல் போனால் பாதியில் நிறுத்துவதில் தப்பே இல்லை.

அண்ணன் பேசியதையும் தேதியையும் குறித்து வைக்க வேண்டுமா? அதற்குத் தனி நோட்டுப் போடுங்கள், வக்கீலைப் பார்க்கும்போது உதவும். உயில் எழுதாமல் காலமான அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்தென்றால் கணக்கு வேறு. அதிலும் மகளுக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போடாததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இவ்வளவு செய்தும் தூக்கம் திரும்பவில்லை என்றாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலோ, பேனாவை வைத்துவிட்டு 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மனாஸ் என்ற அரசு உதவி எண் அது. கட்டணம் கிடையாது, ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.