நீர்வீழ்ச்சியைப் பார்த்தால் வயிறு நிறையுமா?

கேள்வி: டீச்சர், மின்திட்டத்தால் தலவாக்கலைச் சென்கிளயர் நீர்வீழ்ச்சி மெலிந்துபோனதற்குப் போன இதழில் ஒரு பக்கம் அழுதிருந்தீர்கள். நாடு முன்னேற வேண்டுமென்றால் கரண்ட் வேண்டாமா? நீர்வீழ்ச்சியைப் பார்த்தால் வயிறு நிறையுமா? – வாசகர், ஹட்டன்

பதில்: நிறையாது தம்பி. நான் குப்பி லாம்பில் படித்தவள். முன்முடி கருகி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. எங்கள் லயத்துக்கு, அதுதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வந்த இரவில் பல்பை அணைக்க யாருக்கும் மனமில்லை, வெளிச்சத்திலேயே தூங்கினோம். கரண்ட் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மலையைத் தொடாமல் காத்த பரம்பரையும் அல்ல நாங்கள். கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி போனது, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. அந்த வேலையில் எங்கள் பாட்டன்மாரின் கையும் இருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது கூலி, அவ்வளவுதான்.

சரி, சென்கிளயருக்கு வருவோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் ஓடத் தொடங்கியது. கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில் மறித்து, ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் இறக்கி, கீழே நிலத்தடி மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றவிடுகிறார்கள். 150 மெகாவாட். சின்னத் தொகை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு சுரங்கத்துக்குள் போனால் நீர்வீழ்ச்சிக்கு மிச்சம்மீதிதானே? பகலில் இத்தனை மணிநேரம் தண்ணீர் விட வேண்டும் என்பது நிபந்தனை. காலையில் தோட்டத்தில் பேர் பதிகிற பிரட்டுக்குப் போகிற ஆள்போல நீர்வீழ்ச்சிக்கும் டியூட்டி நேரம் வந்துவிட்டது!

அழுததில் பலனே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். முதலில் போட்ட திட்டம் அப்படியே நடந்திருந்தால் இன்னும் சில நீர்வீழ்ச்சிகளும் சேர்ந்து வற்றியிருக்கும். எதிர்ப்புக் கிளம்பியதால் சென்கிளயரோடு நின்றது.

என் ஆற்றாமை கணக்கைப் பற்றியது. 150 மெகாவாட்டை நாட்டின் வரவில் எழுதுகிறார்கள். ஹட்டன் வீதியில், நீர்வீழ்ச்சி தெரிகிற வளைவில் அவித்த சோளம் விற்கும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். முன்பெல்லாம் வேன்கள் தாமாக நிற்குமாம். இப்போது டிரைவர் கண்ணாடியை இறக்கி, "தண்ணி விட்டாச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் வேன் போய்விடும், சோளம் ஆறிப்போகும். அந்த நட்டத்தை எழுதுவதற்கு எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. திட்டத்துக்காக வீடுவாசலை விட்டு இடம்மாறிய தலவாக்கலைக் குடும்பங்களுக்காவது ஏதோ வீடு கிடைத்தது.

கேள்வி: உமாஓயாத் திட்டத்தில் ஆற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாகத் தெற்கே வறண்ட வயல்களுக்குப் போகிறது, அங்கிருப்பவரும் ஏழை விவசாயிதானே என்கிறார் என் மருமகன். என்ன பதில் சொல்வது? – வாசகி, பண்டாரவளை

பதில்: மருமகன் சொல்வது உண்மைதான். மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கத்து வெயிலை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் 2014 டிசம்பர் கடைசியில் சுரங்கம் துளைக்கும்போது நிலத்தடி நீர் பீறிட்டது அவருக்கு நினைவிருக்கிறதா? கீழே தண்ணீர் கொட்டக் கொட்ட, மேலே பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மழைக்குப் பஞ்சமில்லாத ஊரில் சனம் வாளியோடு தண்ணீர் வண்டியான பவுசருக்குக் காத்து நின்றது. 2024 ஏப்ரலில் 120 மெகாவாட் என்று திறப்புவிழாவும் நடந்தது.

தெற்குக்குத் தண்ணீர் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அதற்கு முன்னால் மலைக்குள் எங்கெங்கே தண்ணீர் ஓடுகிறது என்று ஒழுங்காகப் பார்க்க வேண்டும். கிணறு வற்றினால் யார், எவ்வளவு, எத்தனை நாளுக்குள் கொடுப்பது என்று முதல் வெடி வைக்குமுன்பே எழுதி ஒட்ட வேண்டும். கல்யாணப் பந்தலுக்கே முன்பணமும் ரசீதும் கேட்கிற ஆட்கள் நாம். மருமகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சண்டை வந்தால் என் பெயரை இழுக்காதீர்கள்.

கேள்வி: டீச்சர் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா? – வாசகர், பொகவந்தலாவை

பதில்: மாட்டிக்கொண்டேன். இருக்கிறது. மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய காசில் வாங்கியது. உள்ளே நேற்றைய கருவாட்டுக் குழம்பும் பேத்தியின் ஐஸ்பக்கட் நான்கும் கிடக்கின்றன. கரண்ட் போனால் லயத்தில் முதலில் கத்துவது நான்தான்.