அடைத்த பைக் கடன் சிபிலில் இன்னும் பாக்கி என்றால்

பைக் கடனை முழுதும் அடைத்த பிறகும் சிபில் அறிக்கையில் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம்) பாக்கி என்று காட்டினால், திருத்த முடியுமா? முடியும். தடையில்லாச் சான்று (கடன் முடிந்தது என்று கொடுத்தவர் தரும் கடிதம்) கையில் இருந்தும் அந்தக் கடன் 'ஓவர்டியூ', அதாவது கெடு தாண்டிய பாக்கி, என்று வருகிறதென்றால், திருத்தக் கேட்பது உங்கள் உரிமை. சிபில் தளத்தில் புகார் பதியுங்கள். 30 நாளில் தீராவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இந்த ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது.

பெரும்பாலும் காரணம் ஏதாவது சில்லறைக் கட்டணம்தான். என் கணக்கில் 590 ரூபாய் தொங்கியது. என்றோ ஒரு தவணை திரும்பியதற்கான கட்டணம், ஜிஎஸ்டியோடு. கடைசித் தவணை கட்டியபோது யாரும் சொல்லவில்லை. வயிறு எரிந்தது. அதனால் முதலில் கடன் கொடுத்தவரிடம் கணக்கு அறிக்கை வாங்கி, கடைசிப் பக்கத்தில் இருப்பு பூஜ்யமா என்று பாருங்கள். அதையும் சான்றையும் இணைத்து அவர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாகத் திருத்தாது.

அப்புறம் சிபில் போன்ற மற்ற நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் அறிக்கைகளையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம், பணம் கட்டி வாங்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: 'செட்டில்டு' என்று இருந்தால் கதை வேறு. தள்ளுபடி பேசி முடித்திருந்தால் அந்தப் பதிவு சரிதான், இழப்பீடு கிடைக்காது. விட்ட தொகையைக் கட்டி 'குளோஸ்டு' (முழுதும் அடைத்தது) ஆக்கச் சொல்லிக் கேட்கலாம்.

30 நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. புகார் எண்ணையும் பதிந்த தேதியையும் பத்திரமாக வையுங்கள், நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.