பீப்பாவில் முதிர்ந்த கறுப்பு பியர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர், ‘பூர்பன் பீப்பாவில் முதிர்ந்தது’ என்று எழுதப்பட்ட கறுப்பு பியர் இரண்டு போத்தல்கள் தந்துவிட்டுப் போனார். ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பின் குடித்தேன். கசப்பும் தொண்டை எரிவும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது? மற்றப் போத்தலை எப்படிச் சுவைக்க வேண்டும்?
— வாசகர், கொக்குவில்

பதில்: இரண்டாவது போத்தலைத் திறப்பதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. குறை பெரும்பாலும் பியரில் இருந்திருக்காது, குளிரில்தான் இருந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகை செல்சியஸில் மணம் எழும்புவதில்லை. கசப்பு மட்டும் முன்னுக்கு நிற்கும். இந்த வகைப் பியரின் சிறப்பு முழுவதும் மணத்தில் இருக்கிறபடியால், அதை அப்படிக் குடிப்பது மூக்கடைப்போடு பந்திக்குப் போய் உட்கார்ந்ததற்குச் சமம்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது ஸ்டவுட் என்னும் கறுப்பு பியர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுப்பு நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. நம் வீடுகளில் கோப்பிக்கொட்டையைக் கறுக்க வறுக்கும்போது எழும் கசப்பும் மணமும் அங்கும் அவ்வாறே பிறக்கின்றன. லயன் ஸ்டவுட் குடித்திருப்பவர்களுக்கு அந்தக் கருகல் கலந்த இனிப்புப் பழக்கமானது. அதுவே 8 வீதத்துக்கு மேற்பட்ட மதுச்செறிவு உடையது. பீப்பாவில் இடப்படுபவை பெரும்பாலும் அதனினும் கனத்தவை, 11 முதல் 14 வீதம் வரை போகக்கூடியவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலிருந்து ரஷ்ய அரசவைக்கு அனுப்பப்பட்ட கனத்த ஸ்டவுட்டின் வழிவந்தவை என்பதால் அவற்றை இம்பீரியல் ஸ்டவுட் என்பார்கள்.

இனிப் பீப்பா. உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கொள்கலனில்தான் பூர்பன் விஸ்கியை வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எனவே ஒருமுறை பூர்பனுக்குப் பயன்பட்ட பீப்பா அதே தொழிலுக்கு மறுபடி உதவாது. ஏறத்தாழ 200 லீற்றர் கொள்ளும் அந்தப் பீப்பாக்கள், பலகைக்குள் ஊறிய விஸ்கியோடு, மற்றவர்களுக்கு விலைக்கு வருகின்றன. சிக்காகோ நகரின் கூஸ் ஐலண்ட் நிறுவனம் 1990களில் அவ்வாறு பெற்ற பீப்பாக்களில் ஸ்டவுட்டை நிரப்பி முதிரவைத்தது. பின்னர் சிறு பியர்த் தயாரிப்பாளர்கள் பலர் அவ்வழியில் இறங்கினர்.

பல மாதம், சில வேளை ஓராண்டுக்கு மேல், பியர் அந்தப் பீப்பாவுக்குள் கிடக்கிறது. வெப்பம் ஏறும்போது விரிந்து பலகைக்குள் புகுகிறது, இறங்கும்போது சுருங்கி வெளியே வருகிறது. வரும்போதெல்லாம் மரத்தில் உள்ளதைச் சிறிது சிறிதாகக் கொண்டுவருகிறது. மரத்தைச் சுடும்போது உண்டான வெனிலின் என்னும் பொருள் வெனிலா மணத்தைத் தருகிறது. ஓக்கில் இயல்பாகவே உள்ள லக்டோன் என்னும் பொருள் தேங்காய் மணத்தைத் தருகிறது. கராம்புக்கு அதன் மணத்தைத் தரும் யூஜினோல் ஓக்கிலும் உண்டு. இவற்றோடு, மரத்தின் வழியே மிக மெதுவாக உட்புகும் ஒட்சிசன், பியரின் கூரான கசப்பைத் தணித்து, பேரீச்சம்பழம், உலர்ந்த முந்திரிகைப்பழம் போன்ற மணங்களை உண்டாக்குகிறது. உருக்குத் தாங்கியில் மரச்சீவல்களைப் போட்டு எடுத்தால் மரத்தின் மணம் ஏறும். இந்த மெதுவான முதிர்ச்சி ஏறாது.

ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். பியர் நூற்றாண்டுக்கணக்கில் மரப்பீப்பாக்களில்தான் இருந்தது. ஆனால் மரத்தின் சுவை அதில் ஏறாமற் காப்பதே அன்றைய தயாரிப்பாளர்களின் கவலையாக இருந்தது. ஜேர்மனியில் பீப்பாவின் உட்புறத்துக்குக் குங்கிலியம் போன்ற பிசின் பூசினார்கள். பிரித்தானியர்களோ, சுவை மிகுந்த அமெரிக்க ஓக்கை ஒதுக்கி, பால்டிக் கரையிலிருந்து வந்த ஓக்கை விரும்பி வாங்கினார்கள். அவர்கள் குற்றமென்று விலக்கிய அதே தேங்காய், வெனிலா மணங்களையே இன்று நாம் தேடிப் போகிறோம். எனவே மரம் மட்டும் மணக்கும் பியரை நான் நல்ல பியர் என்று சொல்லமாட்டேன். மரத்தின் பின்னால் வறுத்த பார்லி இன்னும் நிற்கிறதா என்பதுதான் என் முதற் கேள்வி.

இனிச் சுவைக்கும் முறை. போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, நம்மூர் வெக்கையில் இருபது நிமிடமளவில் மேசையில் நிற்கவிடுங்கள். 12 முதல் 15 பாகைக்கு வந்தால் போதும். நீண்ட பியர்க் கிளாஸ் வேண்டாம். வைன் கிளாஸைப் போல வாய் ஒடுங்கியதில் மூன்றிலொரு பங்கு ஊற்றுங்கள். நுரை குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம், இந்தச் செறிவில் நுரை நெடுநேரம் நிற்பதில்லை. முதலில் கிளாஸை அசைக்காமல் மணந்து பாருங்கள்; பிறகு மெதுவாகச் சுழற்றி மணந்து பாருங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் ஆழ நுழைத்தால் மதுவின் காரம் மற்றெல்லாவற்றையும் மறைத்துவிடும். விளிம்புக்குச் சற்று மேலே பிடித்தாற் போதும். பின் ஒரு தேக்கரண்டியளவு வாயில் எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கிய பின் மூக்கால் மூச்சை விடுங்கள். பீப்பாவின் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் வரும்.

கடந்த மார்கழியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இத்தகைய போத்தல் ஒன்றை நால்வர் பகிர்ந்தோம். ஊற்றியவுடன் எனக்குக் கரியும் கோப்பியுமே மணத்தன. கால் மணி நேரம் கழித்து, உள்ளங்கைச் சூட்டில் கிளாஸை வைத்திருந்தபோது, முற்றிய தேங்காயை அடுப்பு நெருப்பில் வாட்டினாற் போன்ற ஒரு மணம் மெல்ல மேலே வந்தது. பெரியப்பாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இளவயதில் தவறணையில் பிளாவில் கள்ளுக் குடித்தவர். பூர்பன் என்ற சொல்லை அன்றுதான் கேட்டார். கிளாஸை மூக்கடியில் பிடித்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தம்பி, இதிலை பினாட்டு மணக்குது. பழைய பினாட்டு, பாணியிலை ஊறினது” என்றார். நான் மறுபடி மணந்தேன். இருந்தது. ‘உலர்பழம், கரும்பாகு’ என்று போத்தலில் அச்சிட்டிருந்ததை நான் முன்பே வாசித்திருந்தேன். அதை வாசிக்காத அவர் எங்கள் வீட்டுப் பாயில் காய்ந்த பனம்பழக் களியின் பெயரால் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து, சுவைக்குமுன் போத்தலின் பின்புற எழுத்தை வாசிப்பதை நான் விட்டுவிட்டேன். நீங்களும் வாசியாதீர்கள். பனங்கட்டி கருகிய மணமோ, மல்லிக் கோப்பியோ, புகையிலைக் கொட்டிலோ, எது தோன்றுகிறதோ அதை ஒரு தாளில் எழுதுங்கள்.

பாத்திரம் பானத்தின் சுவையை மாற்றும் என்பது கள்ளிறக்குகிறவர்களுக்குப் புதிதல்ல. புது முட்டியில் இறங்கும் கள்ளும் பழகிய முட்டியில் இறங்கும் கள்ளும் ஒன்றல்ல என்று அவர்கள் சொல்வார்கள். பழைய முட்டியின் மண்ணில் தங்கிய மதுவம் என்னும் நுண்ணுயிர் அடுத்த கள்ளைப் புளிக்கத் தொடங்கிவைக்கிறது. பீப்பா செய்யும் வேலை வேறு, ஆனால் பாத்திரமும் பானத்தில் ஒரு பங்கு என்ற அறிவு இரண்டிலும் ஒன்றே.

அளவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 12 வீதமுள்ள 330 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் உள்ள மது, 4.8 வீதமுள்ள சாதாரண லாகர் பியர் அதே அளவுப் போத்தல் இரண்டரையில் உள்ளதற்குச் சமம். தனியே திறக்காமல் மூன்று நான்கு பேராகத் திறவுங்கள். வண்டி ஓட்டி வந்தவருக்கு மணக்க மட்டும் கொடுங்கள்.

கேள்வி: இதே போன்ற பியர் ஒன்றை இரண்டு ஆண்டு அலுமாரியில் வைத்திருந்து திறந்தேன், புளித்தது. கெட்டுவிட்டதா, அல்லது அதுதான் அதன் சுவையா?
— வாசகி, உரும்பிராய்

பதில்: புளிப்புக்காகவே மரத்தில் இடப்படும் பியர்களும் உண்டு, பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதிச் செம்பியர்கள் அவ்வகை. ஆனால் அவை இனிய, பழச்சாற்றுப் புளிப்பு உடையவை. கனத்த ஸ்டவுட் ஒன்றில் தயிர்ப்புளிப்போ வினாகிரியின் குத்தலோ வந்தால், பக்டீரியா புகுந்துவிட்டது என்றே கொள்ளலாம். மரத்தின் நுண்துளைகளை முற்றாகச் சுத்தம் செய்ய முடியாதாகையால் பீப்பாப் பியர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நனைந்த கடதாசி மட்டையின் மணம் வந்தால் அது வேறு குற்றம். அது ஒட்சிசனும் வெப்பமும் செய்த வேலை. 30 பாகை ஏறும் நம் அறைகளில் அது விரைவிலேயே நேரும். போத்தலை நிமிர்த்தி, இருட்டில், வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வைக்க வேண்டும்; நெடுநாள் வைப்பதாயின் குளிர்சாதனப் பெட்டியே நல்லது.

கேள்வி: கடையில் வாங்கிய ஸ்டவுட்டில் மரத்துண்டைப் போட்டு வீட்டிலேயே முதிரவைக்கலாமா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: திறந்த போத்தலில் வாயு போய்விடும், ஓரிரு நாளில் பியர் செத்துவிடும். அதற்குப் பதிலாக, பியர் தயாரிப்பவர்களுக்கென்று விற்கப்படும் சுட்ட ஓக் துண்டு கிடைத்தால், அதைச் சிறு போத்தல் சாராயத்தில் இரண்டு வாரம் ஊறவிட்டு, அந்தச் சாற்றில் சில துளிகளை ஒரு கிளாஸ் ஸ்டவுட்டில் விட்டுப் பாருங்கள். பக்கத்தில் துளி விடாத கிளாஸ் ஒன்றையும் வைத்து மாறிமாறி மணந்தால், மரம் எது, பார்லி எது என்று மூக்கு பிரித்தறியத் தொடங்கும். தச்சுப்பட்டறைத் துண்டுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் போட வேண்டாம். அவற்றில் பூச்சிமருந்து ஏறியிருக்கக்கூடும்.