பாலிமருக்குள் அயனி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லித்தியம் உலோக பேட்டரியில் திரவ மின்பகுளிக்கு (இரு மின்முனைகளுக்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் பொருள்) பதில் பாலிமர் படலம் வைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் குறையும் என்று எழுதியிருந்தீர்கள். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதானே படித்தோம்? 1973-லேயே தொடங்கிய விஷயம் இன்னும் ஏன் கைபேசிக்கு வரவில்லை?

நந்தினி

அன்புள்ள நந்தினி,

நீங்கள் படித்தது சரி. அது எலக்ட்ரானைக் கடத்தாது. மின்பகுளி எலக்ட்ரானைக் கடத்தவும் கூடாது. அயனிக்கு வழிவிட்டால் போதும்.

பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பாலிமர், லித்தியம் சேர்ந்த கார உலோகக் குடும்பத்தின் உப்புகளோடு பிணைவதை 1973-ல் ஃபென்டன், பார்க்கர், ரைட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். பேட்டரிக்கு அது ஆகும் என்று கண்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷல் அர்மான். சங்கிலியிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் லித்தியம் அயனியைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும். சங்கிலி நெளியும்போது ஒரு பிடி விலகி அடுத்த பிடி கிடைக்கும். சங்கிலி அசையாத இடத்தில் அயனியும் நின்றுவிடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்பு குறைவாகக் கலந்து வார்த்த படலத்தை டெஃப்லான் தட்டிலிருந்து உரித்தால் பால்போல் வெளுத்திருக்கும். மெல்லச் சூடேற்றுங்கள், 60 டிகிரியை ஒட்டி அந்த வெளுப்பு கலைந்து படலம் தெளிந்துவிடும். வெளுப்பாகத் தெரிந்தது படிகம், அதாவது விறைத்துக் கிடந்த சங்கிலிகள். முதல்முறை பார்த்தபோது அடுப்பை அணைக்க மனமே வரவில்லை எனக்கு.

கைபேசிக்கு வராத காரணமும் அதுதான். அறை வெப்பத்தில் இதன் கடத்துதிறன் திரவத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. 2011 முதல் 2018 வரை பாரிசில் ஓடிய ஆட்டோலிப் என்ற வாடகை மின்சார கார்களில் பாலிமர் பேட்டரிதான் இருந்தது. அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. சட்டைப்பையில் அது நடக்காது.

படிகமாகாமல் தளர்த்திவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் சீராகப் படியாமல் முள்முள்ளாக வளரும். தளர்ந்த படலத்தை அது குத்திக்கொண்டு மறுபுறம் போய்விடும். அயனிக்கு நெகிழ்வு வேண்டும், முள்ளைத் தடுக்க விறைப்பு வேண்டும். இரண்டையும் ஒரே சங்கிலியிடம் கேட்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். விறைப்பான பாலிஸ்டைரீனையும் நெகிழும் பாலிஎத்திலீன் ஆக்சைடையும் ஒரே மூலக்கூறில் தைத்து, ஆளுக்கொரு வேலை கொடுக்கும் தொகுதிப் பாலிமர்களைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன்.

‘அபாயம் குறையும்’ என்றுதான் எழுதினேன், நீங்குவதாகச் சொல்லவில்லை. ஆவியாகும் கரைப்பான் இல்லை என்றாலும் பாலிமர் எரியக்கூடியது, லித்தியமும் எரியும். 2022-ல் பாரிசில் இவ்வகை பேட்டரி பொருத்திய பேருந்துகள் இரண்டு எரிந்தன. அதையும் அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சேர்த்துவிட்டேன்.