சைக்கிள் கடையைக் கம்பெனி வாங்கினால்: கேள்வி பதில்

சைக்கிள் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் சின்னக் கடைகளை வாங்கிப்போடுவது பற்றி வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் பத்தொன்பது வருடம் கடையில் நின்றவன். பதினைந்து வருடம் முதலாளியிடம், கடைசி நான்கு வருடம் அந்தக் கடையை வாங்கிய கம்பெனியிடம். அமெரிக்கச் சங்கதிதான் அதிகம் வரும். இந்த ஆட்டம் அங்கேதான் பலமாக நடக்கிறது. 'பைக்' என்று எழுதாமல் சைக்கிள் என்றே எழுதுகிறேன். இல்லாவிட்டால் பாதிப் பேர் பெட்ரோல் டேங்கைத் தேடுவார்கள்.

நான் போகிற கடையில் போர்டு மாறிவிட்டது. அதே ஆட்கள், அதே போன் நம்பர். விற்றுவிட்டார்களா, பெயின்ட் மட்டும்தான் மாறியிருக்கிறதா?

இரண்டும் நடப்பதுதான். சில முதலாளிகள் கடையைத் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஒரே பிராண்டின் போர்டை மாட்டிக்கொள்வார்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். அங்கே பழைய முதலாளியின் நிறுவனப் பெயர் இருந்தால் பெரும்பாலும் கடை இன்னும் அவருடையது.

சைக்கிள் செய்கிறவனுக்குக் கடை எதற்கு? வாடகை, சம்பளம், பஞ்சர் ஒட்டும் தலைவலி எல்லாம் வேண்டுமா?

வாசல் வேண்டும், அதற்காகத்தான். ஒரு நகரத்தில் விலையுயர்ந்த சைக்கிளை நம்பி வாங்கக்கூடிய கடை நான்கைந்து இருந்தால் அதிகம். அதில் ஒன்று போட்டிக்காரன் கைக்குப் போனால் உங்கள் சரக்கு அந்தச் சுவரிலிருந்து இறங்கிவிடும்.

2021இல் நடந்ததைப் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருந்த பைசைக்கிள் ஸ்போர்ட் ஷாப் என்ற கடையை ட்ரெக் என்ற சைக்கிள் கம்பெனி வாங்கியது. அதே வருடம் வட கலிபோர்னியாவின் மைக்ஸ் பைக்ஸ் கடைகளை நெதர்லாந்தின் பான் குழுமம் வாங்கியது. செர்வெலோ, சான்டா குரூஸ் பிராண்டுகள் பானுடையவை. ஆனால் மைக்ஸ் பைக்ஸ் அதுவரை பெரிதாக விற்றுவந்தது போட்டிக் கம்பெனியான ஸ்பெஷலைஸ்டின் சைக்கிள்களை. விற்பனைச் செய்தி வந்த கையோடு ஸ்பெஷலைஸ்டு அந்தக் கடைகளுக்குச் சரக்கு தருவதை நிறுத்திக்கொண்டது. சில மாதம் கழித்து பான் மறுபடியும் பெட்டியைத் திறந்தது: கேனன்டேல், ஷ்வின் எல்லாம் அடங்கிய டோரல் ஸ்போர்ட்ஸை 81 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற மற்ற கம்பெனி என்ன நினைக்கும்? 'நாம் வாங்காவிட்டால் அவன் வாங்கிவிடுவான்.' பாதிக் கடைகள் ஆசையில் வாங்கப்பட்டன என்றால் மீதி பயத்தில் வாங்கப்பட்டவை.

இன்னொரு காரணம் ஜெர்மனியின் கேன்யன். அவர்கள் இணையத்தில் நேரே விற்று, கடைக்காரர் லாபத்தையும் சேர்த்து விலையில் குறைத்துவிடுகிறார்கள். கடை வழியாக விற்கிறவர்கள் அதோடு மோத வேண்டுமானால் இரண்டு லாபமும் ஒரே கைக்கு வரவேண்டும். 2022 பிப்ரவரியில் ஸ்பெஷலைஸ்டும் அமெரிக்காவில் வீட்டுக்கே அனுப்ப ஆரம்பித்தது.

முதலாளிகள் ஏன் விற்கிறார்கள்? பணத்தாசைதானே?

அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் தலைவிரித்து ஆடியது. 1973இல் மட்டும் ஏறக்குறைய 1.5 கோடி சைக்கிள் விற்றது. அந்த அலையில் கடை போட்ட இருபது வயதுப் பையன்களுக்கு இப்போது எழுபது. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பிறகு 2020 வந்தது. ஊரடங்கில் சைக்கிள் கிடைக்காமல் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். வாழ்நாளிலேயே கணக்குப் புத்தகம் அழகாக இருந்த வருடம் அதுதான். விற்க அதைவிட நல்ல நேரம் ஏது?

ஆனால் வாங்குகிறவர் ஏன் கம்பெனியாகவே இருக்கிறார் என்பதுதான் விஷயம். அதற்கு முன்பருவ ஆர்டரைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலையுதிர் காலத்தில் விற்பனைப் பிரதிநிதி வந்து உட்காருவார். அடுத்த வசந்தத்துக்கு எத்தனை வண்டி என்று இப்போதே எழுதிக்கொடுத்தால் இவ்வளவு தள்ளுபடி. கடைத் தளத்தில் எங்கள் வண்டிக்கு இத்தனை பங்கு இடம் என்றால் மேலும் கொஞ்சம். பணம் அப்புறம் தரலாம். எங்கள் முதலாளி அந்தத் தாளைப் பென்சிலில்தான் நிரப்புவார். பிரதிநிதி எதிரே உட்கார்ந்து பேசப் பேச, எண்ணை அழித்து அழித்துக் கூட்டிக்கொண்டே போவார். ஏப்ரலில் மழை நிற்காவிட்டால் நிலவறையில் அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொடும். பெட்டிக்குள் இருக்கும் வண்டி கம்பெனியுடையது, கடன் முதலாளியுடையது.

இருபது வருடம் இப்படிப் போனால், கடையை வேறு யார் வாங்க வந்தாலும் முதலில் அந்தக் கடனைத் தீர்க்கவேண்டும். கம்பெனிக்கோ அது தன் சொந்தக் கணக்கில் ஒரு வரியைக் கிழிக்கிற வேலை. கடை கைமாறியது பத்திரம் எழுதிய அன்று என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், அந்தப் பென்சில் நாட்களிலேயே அது மாற ஆரம்பித்துவிட்டது.

இதற்குச் சட்டத்தில் தடை இல்லையா? கார் கம்பெனி அமெரிக்காவில் டீலர்ஷிப் வைத்துக்கொள்ள முடியாது என்கிறார்களே?

காருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டு. அதனால்தான் டெஸ்லா மாநிலம் மாநிலமாக வழக்காடிக்கொண்டிருந்தது. சைக்கிளுக்கு அப்படி எதுவும் இல்லை. இத்தனைக்கும் இந்த விவகாரத்தில் ஒரு புகழ்பெற்ற உச்ச நீதிமன்ற வழக்கே சைக்கிள் கம்பெனி மீதுதான் வந்தது. மொத்த வியாபாரிகள் எந்தப் பகுதியில், யாருக்கு விற்கலாம் என்று ஷ்வின் கட்டுப்பாடு விதித்தது. 'சரக்கை விற்றுவிட்ட பிறகு அதை இன்னாருக்குத்தான் விற்கலாம் என்று சொல்ல உனக்கு உரிமை இல்லை' என்று 1967இல் தீர்ப்பு வந்தது. ஷ்வின் என்ன செய்தது தெரியுமா? மொத்த வியாபாரிகளை விலக்கிவிட்டுத் தானே கிடங்கு வைத்துக்கொண்டது. அடுத்தவனைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றால் அடுத்தவனே வேண்டாம்! 1977இல் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பையும் நீதிமன்றம் கைவிட்டது.

விலை ஏறுமா?

உடனே ஏறாது. 2022க்குப் பிறகு கிடங்குகள் நிரம்பி வழிந்தபோது இறங்கவே செய்தது. கம்பெனி நேரடியாகத் தள்ளுபடி போட்டால் பக்கத்துத் தனிக்கடைதான் அடிவாங்கும், ஏனென்றால் அவர் அதே வண்டியைப் பழைய விலைக்கு வாங்கி வைத்திருப்பார்.

கார்பன் சைக்கிள் வைத்திருக்கிறேன். பெடல் மிதித்தால் நடுவில் 'கிரீச்' என்கிறது. கம்பெனி கடைக்குத்தான் போகவேண்டுமா?

வேண்டாம். பெடலைத் தாங்கும் தண்டு, அதாவது கிராங்க், சுற்றும் இடத்துக்கு ஆளாளுக்கு ஓர் அளவு கண்டுபிடித்த காலம் ஒன்று இருந்தது. ட்ரெக்கின் பிபி90 என்ற அளவில் பேரிங்கை நேரே கார்பன் ஃபிரேமுக்குள் அமுக்கிவிடுவார்கள்; ஃபிரேமில் அந்தக் குழி தேய்ந்தால் சத்தம் நிற்காது. பிறகு அவர்களே மரை போட்ட டி47 என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஸ்பெஷலைஸ்டும் 2020இல் டார்மாக் எஸ்எல்7 மாடலில் பழைய மரைக்கே திரும்பியது. எந்த அளவாக இருந்தாலும் பேரிங் வெளியில் கிடைக்கும். ஃபிரேமுக்கு வாரன்ட்டி கேட்பதானால் மட்டும் அந்த பிராண்டின் கடைக்குப் போங்கள். முதலில் பெடலையும் சீட் கம்பியையும் கழற்றி கிரீஸ் வைத்துப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

நான் வேலை பார்க்கும் கடையைக் கம்பெனி வாங்குகிறது. பயமாக இருக்கிறது, அண்ணா.

தம்பி, உள்ளதைச் சொல்கிறேன். எனக்குச் சம்பளம் கூடியது. மருத்துவக் காப்பீடு முதல்முறையாகக் கிடைத்தது. பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதலாளி நல்ல மனிதர், ஆனால் இந்த மூன்றையும் அவரால் தர முடிந்ததில்லை.

போனது வேறு. வேலை மேசைக்கு அடியில் எங்களுக்கு ஒரு இழுப்பறை இருந்தது. பழைய ஃப்ரீவீல் கழற்றும் கருவிகள், காட்டர் பின்கள், அளவு வாரியாக மாத்திரை டப்பாக்களில் பால்ரஸ், இப்போது எவரும் செய்யாத ஹேண்டில் கழுத்துகள். கணினிச் சரக்குப் பட்டியலில் இவற்றுக்கு எண் கிடையாது. எண் இல்லாதது கடையில் இருக்கக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை மொத்தத்தையும் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். அடுத்த சனிக்கிழமையே ஒரு பெரியவர் காட்டர் பின் கேட்டு வந்தார். நீங்கள் இப்போதே உங்கள் இழுப்பறையை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பெனிகள்தான் கடைசியில் ஜெயிக்குமா?

ஃபூஜி சைக்கிளின் தாய் நிறுவனம் 2016இல் பெர்ஃபார்மன்ஸ் பைசைக்கிள் என்ற பெரிய சங்கிலிக் கடையோடு இணைந்தது. 2018 நவம்பரில் திவால் மனு. 2019இல் நூறுக்கு மேற்பட்ட கடைகளும் மூடிக்கிடந்தன. சைக்கிள் செய்யத் தெரிந்தவருக்கு கடை நடத்தத் தெரியும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

சொந்தக் கடை வைத்திருக்கிறேன். விற்க விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

எந்த பிராண்டுக்கும் தளத்தில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி காட்டினாலும். ரிப்பேர் வருமானத்தைத் தனிக் கணக்காக வையுங்கள். வண்டி விற்காத மாதத்தில் வாடகை கொடுப்பது அதுதான். ஓய்வுக்கு ஐந்து வருடம் முன்பே ஊழியர்களிடம் பேசிவிடுங்கள். தவணையில் வாங்கிக்கொள்ள மூத்த மெக்கானிக் ஒருவர் தயாராக இருக்கலாம். ஊழியர்களே கூட்டுறவாக நடத்தும் கடைகளும் உண்டு. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரின் மிஸ்ஸிங் லிங்க் 1970களிலேயே அப்படித் தொடங்கியது.

அப்பாவின் பழைய சைக்கிளுக்கு ஃப்ரீவீல் மாற்றவேண்டும். எந்தக் கடைக்குப் போவது?

போர்டைப் பார்க்காதீர்கள். போன் செய்து, 'பழைய ஃப்ரீவீலுக்கு ரிமூவர் இருக்கிறதா?' என்று மட்டும் கேளுங்கள். 'என்ன மாடல், எந்த வருடம்' என்று கேட்டால் வேறு கடை பாருங்கள். 'இரண்டு பல்லா, நான்கு பல்லா' என்று திருப்பிக் கேட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பலாம்.