வீடியோ காலிலும் முழுப்பாவாடையா?

கேள்வி: என் மகளுக்கு வரும் ஆவணியில் நாலு வயது முடிகிறது. நிற்கும்போது கணுக்கால்கள் ஒட்டுகின்றன. முட்டுகள் ஒட்டாமல் நடுவே நாலு விரல் நுழைகிறது. 'நடக்க நடக்கச் சரியாகும்' என்று அத்தை தினமும் நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார்கள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து முழுப்பாவாடைதான் கட்டிவிடுகிறேன். சவூதியில் இருக்கும் அவள் அப்பாவோடு வீடியோ காலில் பேசும்போதும் அப்படித்தான். நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. வேறு எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாமா?

- அம்பாசமுத்திரம் பக்கத்து வாசகி

பதில்: எண்ணெயைப் பற்றிக் கேட்கிறாய் தங்கச்சி. எனக்கு அந்தப் பாவாடையைப் பற்றித்தான் பேசவேண்டும். ஊருக்கு மறைத்தாய், போகட்டும். பெற்ற தகப்பனுக்கு எதற்கு மறைத்தாய்? திட்டுவார் என்ற பயமா, வளர்த்த லட்சணம் இதுதானா என்று உன்மேல் பழி வரும் என்ற பயமா? எதுவானாலும் அது உன் பயம். அதற்காகப் பிள்ளையின் இரண்டு வருஷத்தைக் கொடுத்திருக்கிறாய். கூடப் பிறந்தவளாக இருந்தால் நேரில் வந்தே திட்டியிருப்பேன்.

வளைந்த காலைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றரை வயதுப் பிள்ளைகளைப் பற்றியவை. கவலைப்படாதீர்கள் என்று எழுதிவிடுவேன். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால், பிறக்கும்போது வில்லாகத்தான் இருக்கும். இரண்டு வயதுவாக்கில் நிமிர்ந்துவிடும். மூன்று, நாலு வயதில் நேர்மாறாக முட்டோடு முட்டு இடிக்கும். ஏழு வயதுக்குள் அதுவும் நேராகும். உன் மகளுக்கு இப்போது முட்டு இடிக்கவேண்டிய வயது. அங்கே நாலு விரல் நுழைகிறது என்றால் இனிக் காத்திருக்கக் கூடாது. அத்தை சொன்னது ஒரு வயதுப் பிள்ளைக்குச் சரி, அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எந்த எண்ணெயும் எலும்பை நிமிர்த்தாது.

இன்று அவள் தூங்கியதும் மணிக்கட்டைத் தடவிப் பார். தோலுக்குள் ஒரு வளையல் கிடக்கிற மாதிரி புடைத்திருக்கிறதா? நெஞ்சின் இரு பக்கமும் விலா எலும்பில் மணிமணியாகத் தட்டுப்படுகிறதா? அப்படியிருந்தால் ரிக்கெட்ஸாக இருக்கலாம். வைட்டமின் டி, கால்சியம் போதாமல் எலும்பு இறுகாது. உடம்புப் பாரத்தில் வளைந்துவிடும். திருநெல்வேலியில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்பாய். வெயில் தோலில் படவேண்டுமே! நீ கணுக்கால்வரை மூடி வைத்திருக்கிறாய். ஆறு மணி இளவெயிலும் போதாது. நிழல் ஆளைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயிலில்தான் அந்தச் சத்து நன்றாக ஊறும்.

ரிக்கெட்ஸ் என்றால் மாதக்கணக்கில் மருந்து கொடுப்பார்கள். எலும்பு இறுகி, வளர வளரப் பெரும்பாலும் கால் தானே நிமிரும். கடையில் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட் வாங்கி நீயாகக் கொடுத்துவிடாதே, அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். எலும்பை இறுக்குகிற பாஸ்பேட் உப்பு சிறுநீரில் கழிந்துபோகிற பரம்பரை ரிக்கெட்ஸும் உண்டு, அதற்கு மருந்தே வேறு. ஒரு கால் மட்டும் கூடுதலாக வளைந்தால், முட்டுக்குக் கீழே எலும்பு கோணலாக வளர்கிற பிளவுண்ட் நோயா என்று பார்க்கவேண்டும். மருந்தில் நிமிராத காலையும், வளர்கிற வயதிலேயே முட்டுப் பக்கத்தில் சின்னத் தகடு பொருத்தி நேராக்க வழி இருக்கிறது. வளர்ச்சி நின்றபிறகு போனால் எலும்பை வெட்டித்தான் சரிசெய்யவேண்டும்.

நாலு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலையாம்! எனக்குக் கோபம்தான் வருகிறது. இப்போது அவளுக்கு வேண்டியது டாக்டர். மற்றப் பிள்ளைகள் கவுன் போட்டு ஓடும்போது எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவள் கேட்கிற நாள் தூரத்தில் இல்லை.

இன்று ராத்திரி அவள் அப்பா கூப்பிடும்போது கவுன் போட்டு நிறுத்தி, போனைக் கீழே இறக்கிக் காட்டு. திங்கட்கிழமை காலையில் அத்தையையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. நிற்கவைத்துக் கால் எக்ஸ்ரே, மணிக்கட்டு எக்ஸ்ரே, ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி பார்ப்பார்கள். எப்போதிருந்து வளைவு, கூடியதா குறைந்ததா என்று கேட்பார்கள். அதற்குப் பழைய போட்டோக்களை எடுத்துப் போ. கால் தெரிகிற மாதிரி ஒன்றாவது இருக்கிறதா, தேடு.