கையெழுத்துப் போட்டவன்

அன்புள்ள ஐயா,

முகமது அலியைப் பற்றி உங்கள் தளத்தில் எழுதிய குறிப்பைப் படித்தேன். நானும் ராத்திரி கண்விழித்து பாக்ஸிங் பார்ப்பவன். பட்டச் சண்டைகளில் இந்த ‘ரீமேட்ச்’ ஷரத்து எதற்கு? சாம்பியன் தோற்றுப்போனால், ஜெயித்தவர் அவரோடு உடனே மறுபடி மோத வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறார்கள். 2021-ல் டைசன் ஃப்யூரி, ஆன்டனி ஜோஷுவா என்ற இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்கள் மோதவிருந்த சண்டை கெட்டதே இதனால்தான். இதைத் தடை செய்ய முடியாதா? ஆனால் மறுசண்டைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, ஜெயித்ததும் நழுவப் பார்த்த ஹசீம் ரஹ்மான் மாதிரி ஆட்களை மன்னிக்கவும் மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதானே? நானே போன வாரம் ஒரு கம்பெனியில் இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிடிக்கிறதோ இல்லையோ, முடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன்.

ர., கோவை

அன்புள்ள தம்பி,

கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தடை போட்டும் பார்த்தார்கள். 1964-ல் அன்றைய சாம்பியன் சன்னி லிஸ்டனை வீழ்த்திய அலி, அதே லிஸ்டனோடு மறுபடி மோத ஒப்புக்கொண்டார் என்பதற்காக டபிள்யூபிஏ என்ற குத்துச்சண்டைச் சங்கம் அவர் பட்டத்தைப் பறித்தது. சண்டை நின்றதா? அடுத்த வருடம் லூயிஸ்டன் என்ற சின்ன ஊரில் நடந்து, முதல் ரவுண்டிலேயே முடிந்தது. லிஸ்டனுக்குப் பங்கு இருந்த ஒரு கம்பெனி, அலியின் அடுத்த சண்டையை நடத்தும் உரிமையை ஐம்பதாயிரம் டாலருக்கு முன்பே வாங்கி வைத்திருந்தது. வாசல் கதவைச் சாத்தினால் கொல்லைப்புறமாக வருவார்கள்.

ஃப்யூரி–ஜோஷுவா? ஃப்யூரியிடம் பட்டத்தை இழந்த வைல்டருக்கு ஷரத்துப்படி ஒரு சண்டை பாக்கி இருக்கிறது என்று மத்தியஸ்தர் தீர்ப்புச் சொன்னார், அது கெட்டது. பதிலுக்கு வந்த சண்டையில் ஃப்யூரி இரண்டு முறை, வைல்டர் மூன்று முறை தரையில் விழுந்தார்கள். ஜோஷுவா இதைவிட நல்ல சண்டையா கொடுத்திருப்பார்? போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் இரண்டாவது பாதியைப் படித்தபோது. ஷரத்தே கூடாது என்கிறீர்கள். அடுத்த வரியில், அந்த ஷரத்திலிருந்து தப்பப் பார்த்தவனைத் திட்டுகிறீர்கள். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள், தம்பி. ‘கையெழுத்துப் போட்டால் போட்டதுதானே’ என்ற வார்த்தையை வீட்டு ஓனர்களும் வட்டிக்கடைக்காரர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்கள் அதிகம் சொல்வதில்லை.

ராண்டி டர்பின் என்று ஒருவர் இருந்தார். இங்கிலாந்தில் லெமிங்டன் ஊர்க்காரர். அப்பா பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த கறுப்பர், அம்மா வெள்ளைக்காரி. 1951 ஜூலை 10 அன்று லண்டனில் அன்றைய மிடில்வெயிட் உலக சாம்பியன் சுகர் ரே ராபின்சனைப் பதினைந்து ரவுண்டு நின்று புள்ளிகளில் ஜெயித்தார். ராபின்சன் அதுவரை ஒரே ஒருவரிடம்தான் தோற்றிருந்தார். ஒரு பரிவாரத்தையும் பிங்க் நிற கேடிலாக் காரையும் கூட்டிக்கொண்டு ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் லண்டன் வந்திருந்தார். டர்பினுக்கு வயது 23. நாடே கொண்டாடியது. ஆனால் ஒப்பந்தத்தில் மறுசண்டை ஷரத்து இருந்தது.

செப்டம்பர் 12, நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். அறுபதாயிரம் பேருக்கு மேல். பத்தாவது ரவுண்டில் ராபின்சனின் கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சண்டையை நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வலக்கையால் ஒன்று விட்டார், டர்பின் விழுந்தார். எழுந்தவரைக் கயிற்றில் சாய்த்து வைத்து அடித்தார். டர்பின் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நிற்கிறார், கை மேலே வரவில்லை. ரவுண்டு முடிய எட்டு விநாடி இருக்கும்போது நடுவர் குறுக்கே வந்தார். டர்பின் சாம்பியனாக இருந்தது மொத்தம் 64 நாள்.

அந்தச் சண்டையில் அவருக்கு நல்ல பணம் கிடைத்ததே என்பீர்கள். கிடைத்தது. முதல் சண்டையைவிட எவ்வளவோ அதிகம். அது போன வழி தனிக் கதை: வரிப் பாக்கி, திவால், மல்யுத்த மேடை, ஒரு சின்ன கஃபே. 1966-ல் அந்த கஃபேக்கு மேலேயிருந்த வீட்டில் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தார், 37 வயதில். எல்லாவற்றுக்கும் அந்த ஷரத்துதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது அபத்தம். ஆனால் அந்த 64 நாளில் ஒரு நாளாவது அவர் முழுச் சாம்பியனாகத் தூங்கியிருப்பாரா?

கையெழுத்து எப்போது வாங்கப்படுகிறது என்று பாருங்கள். ஜெயிப்பதற்கு முன்னால். அப்போது அவன் யாரும் இல்லை. சாம்பியன் தேதி கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒரு தடவை ஜெயித்தால் போதாது, இரண்டு தடவை ஜெயிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சாம்பியனுக்கோ ஒரு தடவை ஜெயித்தால் போதும். அவனும் போடுகிறான். போடாவிட்டால் வரிசையில் பின்னால் நிற்பவன் போடுவான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் போட்டிருக்கிறேன்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது என் முதல் நாவலின் ஒப்பந்தம் கிடைத்தது. கார்பன் நகல், ஊதா எழுத்து. ஏழாவது ஷரத்து: ஆசிரியரின் அடுத்த இரண்டு நூல்களும் இதே ராயல்டியில் இப்பதிப்பகத்துக்கே. பதிப்பாளர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. மேஜைக் கண்ணாடிக்குக் கீழே பெரிய எழுத்தாளர்களோடு அவர் நிற்கும் போட்டோக்கள். ‘படிச்சுப் பாருங்க தம்பி’ என்றார். நான் படிக்கவில்லை. படித்தால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று கூச்சம். பஸ்ஸில் வரும்போதுதான் படித்தேன்.

நாவல் ஓடியது. இரண்டாவது நாவலும் தயாராக இருந்தது. அதை அவருக்குக் கொடுக்க மனம் வராமல் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பதினைந்து நாளில் ஒரு குறுநாவல் எழுதினேன். தீபாவளி மலர்களில் வந்த பழைய கதைகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு கட்டினேன். இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்கை முடித்தேன். தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் தபால் கார்டு போட்டார்: ‘உங்களுக்கு என்ன ஆயிற்று?’

2019 ஜூனில் ஆண்டி ரூயிஸ், கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்து நியூயார்க்கில் அப்போது சாம்பியனாக இருந்த ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் முடித்தார். ஷரத்துப்படி டிசம்பரில் சவூதியில் மறுசண்டை. அங்கே போக அவருக்கு முதலில் விருப்பமில்லை, போனார். முன்பு 268 பவுண்டு இருந்தவர் 283 பவுண்டில் எடைமேடை ஏறினார். ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார். உலகமே சிரித்தது. எனக்கு அந்தக் குறுநாவல்தான் ஞாபகம் வந்தது.

ரஹ்மானுக்கு வருகிறேன். 2001 ஏப்ரலில் ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் ஒரு சினிமா படப்பிடிப்பில் இருந்துவிட்டுத் தாமதமாகத் தென்னாப்பிரிக்கா போய் இறங்கினார். கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேலே இருக்கிற இடம், மூச்சு பழகவே நாளாகும். ஐந்தாவது ரவுண்டில் ரஹ்மானின் வலக்கை அவரைச் சாய்த்தது. அலட்சியமாக இருந்தவருக்குக் கையில் மறுசண்டை ஷரத்து எழுதிய ஒரு தாள் இருந்தது. உழைத்து ஜெயித்தவர் வேறு ஒருவரோடு ஒரு சண்டை போட்டுக்கொள்கிறேன் என்றதும் வழக்கு. நியூயார்க் நீதிபதி சொன்னார்: ஒன்று லூயிஸோடு மோது, இல்லையென்றால் 18 மாதம் யாரோடும் மோதாதே. நவம்பரில் மோதினார், நாலாவது ரவுண்டில் போய்விட்டார். சட்டப்படி தீர்ப்பு சரிதான். ரஹ்மான் சொன்ன சொல்லை மீறத்தான் பார்த்தார், டான் கிங் என்ற புரமோட்டர் பக்கம் சாய்ந்ததும் பேராசைதான். ஆனால் அவரை மன்னிக்கும் இடத்தில் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

இதையெல்லாம் எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. பிடிக்கிறதோ இல்லையோ முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று வேலையில் சேர்ந்த முதல் வாரமே எழுதுகிறீர்கள். உங்கள் வயதுக்கு அது நல்ல குணம்தான், திட்ட மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த பாண்டின் நகல் உங்களிடம் இருக்கிறதா? பாதியில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள்? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களா? நகல் இல்லையென்றால் திங்கட்கிழமையே ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். கிடைத்ததும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். என் தங்கை மகள் ஹைகோர்ட்டில் வக்கீல், அவளிடம் காட்டுகிறேன்.